குவைத்தில் சண்டை ஓய்ந்த நாள்

மண்ணெண்ணெய் வரிசையில் நின்று நின்று ஜெயக்கொடிக்குக் கால் கடுத்தது. கணவன் ஏகநாதனுக்குக் குவைத்தில் வேலை என்பதால், சண்டைச் செய்தி எதுவானாலும் பம்மலில் முதலில் அவளிடம்தான் வரும்.

அன்று டீக்கடை கேசவன் கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

"அக்கா! சண்டை முடிஞ்சுபோச்சு! ரேடியோல சொல்ட்டான்!"

"நெஜமாவா?"

"சத்தியமா. இனிமே உனுக்கு இன்னா கவலை?"

அவள் கண்கள் நிறைந்தன. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, வரிசையே அவளுக்கு வழிவிட்டது.

வீட்டில், குண்டுக்குத் தப்பி, போன வருஷமே ஊர் வந்து சேர்ந்திருந்த ஏகநாதன், பரணிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான்.

"கேட்டியா ஜெயக்கொடி? கம்பெனில மறுபடி கூப்பிடுவாங்க!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது அந்தச் சண்டைக் காலத்தில் மட்டும்தான்.

முந்தானையால் பெட்டியின் தூசியைத் துடைத்தபடி, "எப்போ கெளம்பணும்?" என்றாள்.