செம்புக் குழாயுடன் ஒருவன்

காரின் கதவருகில் அவன் நின்றிருந்தான். கையில் ஒரு முழ நீளத்துக்குச் செம்புக் குழாய்.

மார்னி சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். வின்னிபெக்கில் ஜனவரி மாதம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பயிற்சிக்கூடத்து வாசலில் அவளுடைய காரும் பனியும் தவிர வேறொன்றும் இல்லை.

மருத்துவமனைகளில் ஆக்சிஜன் குழாய் பதிக்கப் போகிறவர்களுக்கு அன்று செய்முறைத் தேர்வு. அவள்தான் தேர்வாளர். பதினான்கு பேரில் மூன்று பேர் தவறியிருந்தார்கள். முடிவைப் பலகையில் ஒட்டியதும், தேறியவர்கள் தாங்கள் பற்றவைத்த குழாயை ஞாபகார்த்தமாக வாங்கிக்கொண்டு சிரிப்பும் சத்தமுமாகக் கிளம்பினார்கள். தவறியவர்கள் யார் முகத்தையும் பார்க்காமல் போனார்கள்.

போன வருடம் இப்படித் தவறிய ஒருவன் அவள் காரின் முன்கண்ணாடியை உடைத்துவிட்டுப் போயிருந்தான்.

நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடியும் எண் அட்டையுமாக நின்றவர்களில் இவன் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. இப்போதும் குளிருக்குக் கம்பளித் துணியை மூக்கு வரை சுற்றியிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"என் குழாயை நீங்க அறுத்துப் பாக்கலை மேடம்."

அது உண்மைதான். ரம்பத்தின் பிளேடு மதியமே உடைந்துபோக, கடைசி நான்கு பேரின் வேலையை வெளிப்பக்கம் பார்த்தே முடிவு எழுதியிருந்தாள். அவளுக்கே அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. முப்பது வருடமாகப் பார்க்கிறேன், ஒட்டின் லட்சணம் வெளியிலேயே தெரிந்துவிடும் என்றாள்.

அவன் ஓரடி முன்னால் வந்தான். பின்வாங்கிய அவள் முதுகு பயிற்சிக்கூடத்துக் கதவில் முட்டியது.

திங்கட்கிழமை குழந்தைகள் மருத்துவமனையில் வேலை ஆரம்பம் என்றான். முதலாளி அவன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாராம். எட்டு மாதம் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலையாம்.

மார்னி குரலை மட்டும் மாறவிடவில்லை.

"அதனாலதான் தம்பி சொல்றேன். அந்தக் குழாய் வழியா மூச்சு விடப்போறது பச்சைக் குழந்தைங்க. நீங்க என்ன பண்ணினாலும் முடிவை மாத்த மாட்டேன்."

"மாத்தித்தான் ஆகணும்" என்று அவன் குழாயை உயர்த்தினான்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. கண்களைத் திறந்தபோது, அவன் ஒரு கையில் பாதிக் குழாயும் மறு கையில் மீதிப் பாதியுமாக நீட்டிக்கொண்டிருந்தான். நீளவாக்கில் சீராக அறுத்திருந்தான். கையுறையெல்லாம் செம்புத் தூள்.

தன் செல்போன் வெளிச்சத்தை அதன்மேல் அடித்தாள். வெளியே மோதிரம் போலப் பளபளத்த ஒட்டு உள்ளே பாதிக்குமேல் பொத்தலாக இருந்தது. சுவர் நெடுகக் கரி பிடித்திருந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"நீங்களே பாத்தீங்கல்ல? ஒட்டு பிடிக்கவே இல்லை. உதிர்ற கரி நேரா குழந்தை நெஞ்சுக்குத்தான் போகும். இன்னும் ரெண்டு வாரம் ஒழுங்கா பயிற்சி எடுத்துட்டு வாங்க. இந்த வேலைக்கு எந்த மடையன் பாஸ் போடுவான்?"

அவன் கம்பளித் துணியை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"நீங்க போட்டிருக்கீங்க மேடம்."