எத்தனை சீசன்

இன்றும் அவன் பெயரைக் கூப்பிடவில்லை.

வியாசர்பாடி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் இதுதான். வந்தவர்கள் எல்லோரும் கோட்டின் மேல் வரிசையாக நிற்பார்கள். இரண்டு கேப்டன்கள் எதிரே நின்று மாறி மாறிப் பெயர் சொல்லி ஆள் எடுப்பார்கள். பெயரைக் கேட்டவன் ஓடிப்போய்த் தன் கேப்டனுக்குப் பின்னால் நின்றுகொள்ள வேண்டும்.

எல்லோரும் ஓடிவிட்டார்கள்.

கோட்டில் அவன் மட்டும்.

நாலு வருஷமாக இப்படித்தான். வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. வேறொருவன் என்றால் வெட்கப்பட்டு வீட்டோடு கிடந்திருப்பான். அவன் ஒரு ஞாயிறு விடாமல் கிளவுஸை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான், இந்த ஏரியாவின் கோல்கீப்பர் தான்தான் என்பதுபோல. ஒருகாலத்தில் அவன்தான்.

நாலு வருஷத்துக்கு முன் மழையில் நடந்த ஒரு ஃபைனல். மெதுவாக உருண்டுவந்த பந்து அவன் வயிற்றுக்கடியில் நழுவி உள்ளே போய்விட்டது. கோப்பை போனது. அடுத்த வாரம் அவன் புது பூட்ஸோடு வந்தான். அக்கா அவள் போனஸில் வாங்கிக்கொடுத்தது.

அவ்வளவுதான். பந்துக்கும் பூட்ஸுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

துட்டு வாங்கினாயா என்று ஒரு பயல், ஒரே ஒரு பயல், நேருக்கு நேர் கேட்டானா? கேட்டிருந்தால் அக்காவையே கூட்டிவந்து நிறுத்தியிருப்பான்.

அதே பூட்ஸ்தான் இன்றும் காலில். வாய் பிளந்து, தைத்து, மறுபடி பிளந்துவிட்டது. வேறு வாங்க மாட்டான். வீம்புதான். வீம்பைத் தவிர அவனுக்கு இங்கே என்ன மிச்சம்?

ஆனால் இன்று ஆள் எடுத்து முடித்தும் ஆட்டம் தொடங்கவில்லை. கேப்டன்கள் இருவரும் நடு மைதானத்தில் மல்லுக்கு நின்றார்கள்.

சண்டை இத்தாலியைப் பற்றி.

அங்கே சான்டோரா கிளப் மாட்டிக்கொண்டது. ரெஃப்ரிகளுக்குப் பணம் கொடுத்து மேட்ச்சுகளை முன்கூட்டியே முடித்துவைத்திருக்கிறார்கள். நேற்றுத் தீர்ப்பு. கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு சீசன் இரண்டாவது டிவிஷனில் கிட என்று இறக்கிவிட்டார்கள்.

கேப்டன்களில் ஒருவனான டில்லிபாபுவுக்கு அது சொந்த வீட்டுத் துக்கம். கல்யாணத்தன்று பட்டுச்சட்டைக்கு அடியில் சான்டோரா ஜெர்சி போட்டிருந்த ஆள் அவன். அந்த மழை ஃபைனலில் தோற்ற அணிக்கும் அவன்தான் கேப்டன்.

"துட்டுல ஜெயிச்சது ஜெயிப்பா? கிளப்பையே இழுத்து மூடணும்" என்றான் முனீர், மற்ற கேப்டன்.

"தப்பு பண்ணவன் மேல குந்தினுகீறான். ஆட்றவன் இன்னாடா பண்ணுவான்?"

"எல்லாம் கூட்டுக் களவாணிங்க."

"சரி, தப்புதான். அதான் ஒரு சீசன் கீழ ஆடுன்ட்டான்ல? தண்டனைன்னா அதுக்கு ஒரு முடிவு வேணாமா? ஆடி முடிச்சிட்டு தலை நிமிந்து மேல வருவாங்க. காலம் பூரா வெளியவே நிக்க வச்சிருவியா? நீயெல்லாம் மனுசனா?"

டில்லிபாபுவின் குரல் உடைந்தது. பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். முனீர் பக்கத்து ஆட்களில்கூட இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அவனும் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

பிறகு கோட்டில் இருந்தபடியே, நாலு வருஷத்தில் முதல்முறையாக, வாயைத் திறந்தான்.

"எனக்கு எத்தினி சீசன், டில்லி?"

கைதட்டல் நின்றது.

ஒருவரும் திரும்பவில்லை. முனீர் தன் கால் விரல்களைப் பார்த்தான். டில்லிபாபு காலடியில் இருந்த பந்தை உருட்டினான், நிறுத்தினான், உருட்டினான்.

பதிலுக்காக அவன் காத்திருக்கவில்லை. காத்திருந்தது போதும். கோட்டைத் தாண்டினான். மைதானத்தின் நடுவாக, அவர்களைப் பிளந்துகொண்டு நடந்தான். பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் வாயைத் திறந்து மூடியது. கோல் போஸ்ட்டுக்குப் போய், இரண்டு கம்பியையும் தட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் நின்றான்.

அங்கே கோல்கீப்பராக நின்றிருந்த சாலமோன், பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் தன் கிளவுஸைக் கழற்றிவிட்டான்.

"டேய், வெளிய வா. ஆட்டம் ஆரம்பிக்கணும்" என்றான் டில்லிபாபு.

அவன் அசையவில்லை. டேய் என்றால் மைதானத்தில் இருபது பேர் இருக்கிறார்கள்.

"வெளிய வாடா!"

அவன் முழங்காலை மடக்கி, கையை விரித்தான்.

டில்லிபாபு உதைத்தான். ஆட்டத்துக்கு உதைப்பதல்ல அது, ஆளுக்கு உதைப்பது. பந்து நேராக நெஞ்சுக்கு வந்தது. அவன் ஒரு அடி பின்னால் போனான். கோல் கோட்டைத் தாண்டவில்லை. இரண்டு கையாலும் பந்தை அணைத்துக்கொண்டான்.

நெஞ்சு எரிந்தது. அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு வந்து எத்தனை நாளாயிற்று!

அங்கே இருந்தது ஒரே பந்து.

டில்லிபாபு கையை நீட்டினான். அவன் பார்த்தான். கொடுக்கவில்லை.

டில்லிபாபு இரண்டு கையையும் நீட்டினான். அவன் இன்னும் இறுக்கிக்கொண்டான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆள் எடுக்கும் கோட்டில் இப்போது யாரும் இல்லை.

"அவனுக்குப் பேர் கீது, டில்லி" என்றான் முனீர்.

டில்லிபாபு நெற்றியைத் துடைத்தான். ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டான். ஒருமுறை தொண்டையைச் செருமினான்.

பந்தை அணைத்தபடி அவன் காத்திருந்தான்.