ஷிஃப்ட் முடிந்த பிறகு

“எம் பையனுக்கு மூளை கலங்கிப் போச்சுன்னு எவன் சொன்னான்? மொதல்ல அவனக் கூப்பிடு!”

காட்டிய நாற்காலியில் தாண்டவராயன் உட்காரவில்லை. வடக்குப்பட்டில் அவர் எதிரில் பெரிய மனிதர்களே கை கட்டி நின்று பேசிய காலம் உண்டு. ஒரகடத்துக் கம்பெனியின் கண்ணாடி அறையில், மகள் வயதுப் பெண் ஒருத்தி ‘உக்காருங்க’ என்றதும் உட்கார்ந்துவிடுவாரா அவர்?

மகன் வசந்தகுமார் யூனிஃபார்மோடு சுவரோரம் நின்றான். அப்பா நிற்கும் இடத்தில் அவன் உட்கார்ந்ததே இல்லை.

“அப்படி யாருமே சொல்லலய்யா,” என்றாள் கம்பெனியின் மனநல ஆலோசகர் இசக்கிசெல்வி. “ரெண்டு தடவ லைன்லயே மயங்கி விழுந்துட்டாங்க. டாக்டர் பாத்துட்டு உடம்புல ஒரு கோளாறும் இல்லன்னுட்டாங்க. இது ஸ்ட்ரெஸ். அதான் வீட்டுல உள்ளவங்கள வரச் சொன்னோம்.”

ஸ்ட்ரெஸ்! அந்தச் சொல்லைக் கேட்டதும் கிழவரின் முகம் கசப்பு மருந்தை விழுங்கியதுபோல் ஆனது. ஏரி வறண்டபோதும், நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்தபோதும், கட்டியவள் போய்ச் சேர்ந்தபோதும் அவர் கலங்கவில்லை. ஃபேனுக்கு அடியில் நின்று நட்டு முடுக்குகிறவனுக்கு வியாதியாம், அதற்கு இங்கிலீஷில் ஒரு பேராம்!

“எந்த ஊரும்மா நீ?”

“வள்ளியூர் பக்கம்.”

“அங்கேருந்து பொழைக்க வந்து எங்க வூட்டுப் புள்ளைக்கு நோவு கண்டுபுடிக்கிறியா? அடுத்த மாசம் எம் பொண்ணு ஐஸ்வர்யாவுக்கு நிச்சயம். அண்ணங்காரனுக்கு மண்டையில கோளாறுன்னு சம்பந்தி காதுல வுழுந்தா, அப்புறம் நான் எப்படி தெருவுல நடக்கிறது?”

இசக்கிசெல்வி கோபப்படவில்லை. “எல்லா ஸ்ட்ரெஸ்ஸும் ஒரே மாதிரி இல்லய்யா. பரீட்சைக்கு முன்னால வர்றது ஒண்ணு, முடிஞ்சதும் போயிரும். சாவு, நஷ்டம்னு வந்து ஆளையே ஆட்டிப் போடுறது இன்னொண்ணு. இவங்களுக்கு வர்றது தினமும் வர்றது. வேலை செய்யும்போது ஒண்ணுமே இல்ல. ஷிஃப்ட் முடியப் போற நேரத்துலதான் நெஞ்சு படபடக்கு, கையெல்லாம் வேர்த்துருது.”

தாண்டவராயன் மேசையில் ஓங்கித் தட்டினார். முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

“வந்துச்சு பாரு உண்மை, உன் வாயாலயே! ஷிஃப்ட் முடியற நேரத்துலதான ஓ.டி. பாருன்னு புடிச்சு வெச்சிக்கிறீங்க? தெனிக்கும் நான் படுத்தப்புறம்தான் வூட்டுக்கு வரான். அவன் மூஞ்சியப் பாத்தே எத்தினி நாளாச்சு தெரியுமா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“இந்த ஓ.டி. எழவு வர்றதுக்கு முன்னாடி சாயங்காலமே வந்து எங்கெதிர்ல நிப்பான். பங்காளி வூட்டு சுபாஷ் மாடி கட்டிட்டான், காரு வாங்கிட்டான், நீ இன்னாடா கிழிச்சேன்னு கேப்பேன். சோறு போடுற வரைக்கும் புத்தி சொல்லுவேன். எந்தப் புள்ளைக்குக் கெடைக்கும் அப்படி ஒரு அப்பன்?”

இசக்கிசெல்வி வசந்தகுமாரைப் பார்த்தாள். அவன் தன் ஷூவின் நுனியைப் பார்த்தான்.

“அங்க இன்னா பார்வை? உங்க மேனேஜர்கிட்ட போய் சொல்லு. இன்னியோட ஓ.டி. கட். ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா வூட்டுக்கு அனுப்புங்க. என் கண்ணெதிர்ல ஒரு வாரம் இருந்தான்னா உன் ஸ்ட்ரெஸ்ஸெல்லாம் வந்த வழியப் பாத்து ஓடிடும்!”

“ஓ.டி.யப் பத்தி நான் சொல்றத விட அவங்களே சொல்றதுதான் நல்லதுய்யா.”

“சொல்லுடா! தாண்டவராயன் புள்ள எதுக்கும் பயந்தவன் இல்லன்னு இந்தப் பொண்ணுக்குப் புரியற மாதிரி சொல்லு!”

வசந்தகுமார் அன்று முதல் முறையாகத் தலை நிமிர்ந்தான்.

“ஓ.டி.ய நிறுத்தி ரெண்டு மாசம் ஆவுதுப்பா. நீங்க தூங்குற வரைக்கும் படப்பை பஸ் ஸ்டாண்டுலதான் உக்காந்துகினு இருக்கேன்.”