பெயரைக் கேட்கேல்லை

"இடமில்லை" என்றார் ரெஸ்டோரன்ட் மனேஜர். அவருக்குப் பின்னால் ஏரிப் பக்கம் ஆறு மேசைகள் வெறுமையாகக் கிடந்தன.

கனகரத்தினத்துக்கும் சிவகலாவுக்கும் கலியாணமாகி முப்பது வருடம். சுவிஸின் சூக் நகரில் ஒரு நல்ல இடத்தில் சாப்பிடுவோம் என்று மகள் அக்‌ஷயா ஒரு கிழமைக்கு முந்தியே மேசைக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

வாசலில் மனேஜர் கேட்டது ஒரே கேள்வி.

"எங்கேயிருந்து வருகிறீர்கள்?"

"ஓஸ்டர்முண்டிகன்" என்றார் கனகரத்தினம்.

"அதில்லை. உண்மையில் எங்கேயிருந்து?"

"இலங்கை."

அவ்வளவுதான். இடமில்லை. இவர்கள் படியிறங்கும்போது ஒரு வெள்ளைக்கார ஜோடி சும்மா எட்டிப் பார்த்தது. அவர்களுக்கு ஏரியோர மேசையே கிடைத்தது.

கனகரத்தினம் கொதித்துப்போனார். "இருபத்தெட்டு வருசம் ரெஸ்டோரன்ட் குசினியில கோப்பை கழுவினனான். பின்வாசலால விடுவாங்கள், முன்வாசலால விடமாட்டாங்களோ? கேஸ் போடுறன் பார்!"

"உங்களுக்கேன் இந்த வேலை? வேற கடையில சாப்பிடுவம்" என்றாள் சிவகலா.

"இது சாப்பாட்டு விசயமில்லை."

அக்‌ஷயாதான் அவரை ஒரு சட்டத்தரணியின் கந்தோருக்குக் கூட்டிப் போனாள். கோபிசன். இங்கேயே பிறந்து படித்தவன்.

கனகரத்தினம் பழக்கதோசத்தில் கேட்டார். "தம்பி, ஊரில எவ்விடம்?"

"அட்லிஸ்வில், அங்கிள்."

அது சூரிச்சுக்குப் பக்கத்து ஊர். கனகரத்தினம் சிரித்துவிட்டார். வந்த காரியம் பெரிது, அதனால் மேலே கிண்டவில்லை.

வழக்கு லேசில் நகரவில்லை. சாட்சி போதாதென்று ஃபைலை ஒருமுறை மூடியே விட்டார்கள். கோபிசன் மேன்முறையீடு செய்து திறக்க வைத்தான். இரண்டு வருடம் ஓடியது.

கடைசி விசாரணையில் மனேஜர் சொன்னார். "அன்று எல்லா மேசைகளும் பதிவாகியிருந்தன. நான் நிறம் பார்க்கிற ஆளில்லை."

கோபிசன் எழுந்தான். "மேசை பதிந்து வருகிறவரிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?"

"பெயர்."

"இவரிடம் கேட்டீர்களா?"

மனேஜர் தலை குனிந்தார்.

"பெயரைக் கேட்கவில்லை. எங்கேயிருந்து என்றுதான் கேட்டீர்கள். அந்தப் பதிலோடு மேசை இல்லாமல் போய்விட்டது."

மனேஜர் குற்றவாளிதான் என்று தீர்ப்பு வந்தது.

வெளியே வந்ததும் கனகரத்தினம் கோபிசனைக் கட்டிப்பிடித்தார். "தம்பி, நீர் எங்கட வீட்டை வந்து ஒருநாள் சாப்பிடவேணும். மாட்டன் எண்டு சொல்லக்கூடாது."

கோபிசன் பக்கத்தில் நின்ற அக்‌ஷயாவைப் பார்த்தான்.

"அவர் முந்தியே வர இருந்தவர் அப்பா" என்றாள் அவள்.

"எப்ப?"

"மூண்டு வருசத்துக்கு முன்னம், ஒருத்தரை விரும்புறன் எண்டு சொன்னனான். ஊரில எவ்விடம் எண்டு கேட்டனீங்கள். அவற்ற அப்பான்ர இடத்தைச் சொன்னன். அவை வேற ஆக்கள், சரிவராது எண்டிட்டீங்கள்."

ஊரில் இடத்தைக் கேட்டுவிட்டால் சாதியைத் தனியாகக் கேட்கத் தேவையில்லை. நம்மவர்களுக்கு அது கைவந்த கலை.

அக்‌ஷயா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "நீங்களும் பெயரைக் கேட்கேல்லை அப்பா."

கனகரத்தினம் நீதிமன்றப் படியிலேயே இருந்துவிட்டார். சற்று முன் மனேஜர் குனிந்த மாதிரியே தலை குனிந்திருந்தது. இன்னொரு முறை 'சரிவராது' என்று சொல்லிவிடுவாரோ என்று அக்‌ஷயா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

கடைசியில் அவர் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"சிவகலா, வெண்டிட்டம். இஞ்சரும்... கோபிசனையும் கூட்டிக்கொண்டு வாறன். எங்கட மருமகனுக்கும் சேர்த்துச் சமையும்."

அந்தப் பக்கம் சிவகலா விட்ட பெருமூச்சு இந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பாடா! காலமையே சமைச்சு, மேசையில நாலு சாப்பாட்டுக் கோப்பை வச்சிட்டன். கேஸ் வெல்லுமோ எண்டு நான் பயப்பிடேல்லை. நீங்கள் கூப்பிடுவீங்களோ எண்டுதான் பயந்தனான்."