அந்த ஒரு பாட்டு

டண்டினொங் மண்டபத்தில் பெரியபிள்ளையான மகளுக்கான சாமத்திய வீடு களைகட்டியிருந்தது. மேடையோரம் ராப் பாடகன் சுஜீதன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"தேவன் அண்ணை, இண்டைக்காவது எங்கட ராப் அல்பத்தில இருக்கிற வேற பாட்டொண்டு போடுங்கோவன்."

டீஜே தேவன் சிரித்தார். "சனம் அந்த ஒரு பாட்டுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டது. மைக்கை ஓன் பண்ணட்டே?"

"வேண்டாம் அண்ணை, தொண்டை கட்டிக்கிடக்கு. ரெக்கோர்டிங் ஓடட்டும், நான் வாயசைக்கிறன்."

பிள்ளை பல்லக்கில் வந்தாள். பாட்டுத் தொடங்கியதும் மண்டபமே எழுந்து ஆடியது.

மேடையை விட்டு இறங்கியவனின் கையைப் பிள்ளையின் தாய் சிவாஜினி பிடித்துக்கொண்டாள். "தம்பி, ஆயிரம் பேர் பாடினாலும் உங்கட குரலை நான் கண்டுபிடிச்சிடுவன்!"

"சந்தோசம் அக்கா" என்றான்.

சாப்பிட நிற்காமல் காருக்குப் போனான். அல்பத்தில் தன்னோடு பாடிய யுகனைக் கனடாவுக்கு அழைத்தான். அவன் எடுக்கவில்லை. குரல்பதிவு அனுப்பினான்.

"மச்சான், நான் வேலைக்குப் போன அண்டைக்கு நீ தனியப் பாடின பாட்டுக்கு இண்டைக்கும் நல்ல கைதட்டல். மற்றப் பாட்டெல்லாத்திலயும் என்ர குரல் இருக்கு. அதுகளை நீயாவது கேக்கிறனியோ?"