பக்கத்து இருக்கையில் அம்மா

நிறைமதியிடம் பழகுநர் உரிமம்தான் இருந்தது. பழகுநர் ஓட்டும் காரில், உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் கண்விழித்து உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் கண் மூடினால் கார் தானாகவே ஓரம்கட்டி நின்றுவிடும். வீட்டில் உரிமம் உள்ளவள் அம்மா மரகதம் மட்டும்தான்.

அன்று காலை நிறைமதிக்கு ஓட்டுநர் தேர்வு. நூல் மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து வந்த மரகதம், சேலைகூட மாற்றாமல் காரில் ஏறினாள். வேடசந்தூரைத் தாண்டுவதற்குள் அவள் தலை சாய்ந்தது. கார் நின்றது.

“மேற்பார்வையாளர் விழித்திருக்க வேண்டும்” என்றது கார்.

“முழிச்சுத்தான் இருக்கேன், நீ போ” என்று மரகதம் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். அடுத்த பாலத்தருகே மறுபடியும் நின்றது. அவள் தொடையைக் கிள்ளிக்கொண்டாள்.

“இன்னைக்கு விட்டா இனி தைக்குத்தான் தேதி குடுப்பாங்க. நீ பாஸாயிட்டா நான் வண்டியில நிம்மதியா தூங்குவேன்டி. ஏதாச்சும் பேசிக்கிட்டே வா.”

நிறைமதி பேசினாள். அவள் பேச்சைக் கேட்டபடியே மரகதம் உறங்கிப்போனாள். ஒரு புளியமரத்தடியில் கார் ஒதுங்கியது.

எழுப்பக் கை நீட்டிய நிறைமதி அம்மாவைப் பார்த்தாள். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. விழித்திருக்க வேண்டும் என்று கார் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் குரலை அணைக்க வழியில்லை. துப்பட்டாவை மடித்து ஸ்பீக்கர்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தேர்வு நேரம் கடந்துபோனது.

மரகதம் பாதிக் கண் திறந்து, “வந்துட்டமா?” என்றாள்.

“இன்னும் இல்லம்மா. நீ தூங்கு, நான் எழுப்புறேன்.”