அசையாத கோடு

"எங்கப்பாவோட ரெண்டாவது நாவல் இதுலதான் இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா உங்களைச் சும்மா விடமாட்டேன்!" மேசையைத் தட்டிக் கத்தினாள் அக்கா.

"தட்டாதீங்க மேடம். உள்ள பிக்சர் டியூப் இருக்கு, வெடிச்சா அது என்னைச் சும்மா விடாது" என்றார் மெக்கானிக்.

தையல் மெஷின் பெட்டி அளவில் இருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர் மேசைமேல் பிரிந்து கிடந்தது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் போகிற வகை. திரை உள்ளங்கை அகலம்தான். முப்பது வருடமாக அதற்கு உயிரில்லை.

தம்பி கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். கூப்பிடாமலே கூட வந்திருந்த அம்மா, கைப்பையை மடியில் வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"முதல் நாவலுக்கே விருது வாங்கின மனுஷன் சார். இந்த மெஷின் செத்த நாள்ல இருந்து ஒரு வரி எழுதல. வேற மெஷின் வாங்கிக் கொடுத்தோம், தொட்டுக்கூடப் பார்க்கல. அந்த ஏக்கத்துலயே போய்ச் சேர்ந்துட்டாரு." அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "எல்லாம் இவனாலதான். கையில கிடைச்சதையெல்லாம் பிரிச்சுப் போடுவான்."

"ஆரம்பிச்சுட்டியா? நான் பிரிச்சது ரேடியோவை. இதைத் தொட்டிருந்தா அப்பா தோலை உரிச்சிருப்பாரு."

"ரெண்டு பேரும் வாயை மூடுனா நான் வேலையைப் பார்ப்பேன்!" மெக்கானிக்கே கத்திவிட்டார்.

மின்துடிப்பை அலையாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் ஊசிமுனையை போர்டில் ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். கரண்ட் ஒழுங்காக வந்தது. துடிப்பை உண்டாக்கும் கிரிஸ்டலில் வைத்ததும் ஆசிலோஸ்கோப்பின் திரையில் அலை துள்ளியது. இரண்டு விரல் தள்ளி, பிராசசரின் காலில் வைத்தார். ஒரே கோடு. அசையவே இல்லை.

"அங்க கிளம்புது, இங்க வந்து சேரல. நடுவுலதான் கோளாறு."

போர்டைத் திருப்பி லென்ஸ் வழியாகப் பார்த்தவர், நெற்றியைச் சுருக்கினார். "இது தானா கெடல மேடம். சிக்னல் போற செம்புக் கோட்டைக் கத்தியால கீறி அறுத்திருக்காங்க. தெரிஞ்சே பண்ணின வேலை."

அக்கா பாய்ந்து தம்பியின் சட்டையைப் பிடித்தாள். "அப்பாவைக் கொன்னது நீதாண்டா!"

"கையை எடுக்கா! ஒன்பது வயசுப் பையனுக்கு எந்தக் கோட்டை அறுக்கணும்னு தெரியுமா? பரீட்சையில ஃபெயிலானதுக்கு அப்பாகிட்ட அறை வாங்கினது நீதான். ஆத்திரத்துல நீயே பண்ணியிருப்ப!"

மெக்கானிக் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. அறுந்த இடத்தில் தலைமுடி போன்ற ஒயரை வைத்துப் பற்றவைத்தார். சுவிட்சைப் போட்டார். விசிறி இரைந்தது. சின்னத் திரையில் பச்சை எழுத்துகள் வந்து நின்றன.

"ஓடுது. டிஸ்க் கேட்குது" என்றார்.

"டிஸ்க் எங்கடா?"

"என்னைக் கேட்டா? வீட்டையே புரட்டிப் போட்டு அப்பா தேடினாரே, மறந்துட்டியா?"

அம்மா கைப்பையைத் திறந்தாள். துணியில் சுற்றியிருந்த கறுப்பு டிஸ்க்கை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினாள்.

அக்கா அம்மா பக்கம் பாய்ந்தாள். "உன்கிட்டயா இருந்துச்சு? அவர் பைத்தியம் மாதிரி தேடினப்பகூட வாயைத் திறக்கலியே! நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியாம்மா?"

டிஸ்க் கரகரவென்று சுற்றியது. முதல் பக்கம் திரையில் விரிந்தது. நாவலின் பெயர், அதன் கீழே எழுதியவர் பெயர்.

அக்கா படித்தாள். குனிந்து, மூக்கு திரையில் முட்ட, மறுபடியும் படித்தாள்.

"அம்மா... இதுல உன் பேரு இருக்கு."

"முதல் நாவலை நான் எழுதினேன், அவர் பேரைப் போட்டுக்கிட்டாரு. இதுல என் பேரை நானே டைப் பண்ணினேன். அவர் அழிச்சிடக் கூடாதுன்னு டிஸ்க்கை ஒளிச்சு வெச்சேன்." அம்மா கைப்பையை அழுத்தி மூடினாள். "அன்னைக்குத்தான் உங்கப்பா கத்தியை எடுத்தாரு."